பனிப்புயலுக்கு விலை குறிப்பவர்கள் யார்?

2021 பிப்ரவரி நடுப்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தை ‘யூரி’ என்று பெயரிடப்பட்ட குளிர்காலப் புயல் தாக்கியது. உலகின் மிகப் பெரிய முதலாளித்துவ நாட்டில், எண்ணெயும் எரிவாயுவும் மண்ணுக்கடியில் குவிந்து கிடக்கும் மாநிலத்தில், சுமார் 45 லட்சம் வீடுகளும் வணிக நிறுவனங்களும் இருளில் மூழ்கின. குழாய்களில் நீர் உறைந்து அவை வெடித்தன. மாநில சுகாதாரத் துறையின் இறுதிக் கணக்கின்படி 246 பேர் மாண்டனர். அவர்களில் 161 பேர் கடுங்குளிரின் நேரடிப் பாதிப்பால் இறந்தவர்கள். வீட்டுக்குள் அனல் மூட்டியும் ஜெனரேட்டரை இயக்கியும் குளிர்காய முயன்று, கார்பன் மோனாக்சைடு நச்சுக்குப் பலியானவர்கள் 19 பேர்.

இப்புயலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காப்பீடு செய்யப்பட்ட சொத்துகளின் இழப்பு சுமார் 1,500 கோடி டாலர் என்று மறுகாப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பிட்டன. டாலஸ் ரிசர்வ் வங்கியோ மொத்தப் பொருளாதார இழப்பு 8,000 கோடி முதல் 13,000 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றது. காப்பீட்டுத் துறையின் ஏடுகளில் பதிவாவது முதல் தொகை மட்டுமே. இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழுந்தவர்கள் உழைக்கும் மக்கள்.

குளிர்காலப் புயல்களின் அபாயத்தைக் கணிக்கும் ‘பேரிடர் மாதிரிகள்’ இன்று உலக நிதி மூலதனத்தின் முக்கியக் கருவிகளுள் ஒன்று. யாருக்குக் காப்பீடு கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும், எந்த ஊர் கைவிடப்படும் என்பதை முடிவு செய்வதில் அவற்றின் கை ஓங்கியிருக்கிறது. காப்பீட்டுத் துறையை 100 சதவீத அந்நிய முதலீட்டுக்குத் திறப்பதாக ஒன்றிய அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்த பிறகு, இக்கருவியைப் புரிந்துகொள்வது நமக்கும் அவசர அரசியல் கடமையாகிறது.

மாதிரி எவ்வாறு இயங்குகிறது?

ஒரு பேரிடர் மாதிரியில் நான்கு பகுதிகள் உள்ளன. முதலாவது இயற்கை நிகழ்வு. கடந்தகால வானிலைப் பதிவுகளையும் இயற்பியல் விதிகளையும் கொண்டு, நிகழக்கூடிய பல்லாயிரம் புயல்களைக் கணினியில் உருவாக்குகிறார்கள். 10,000 ஆண்டுகளுக்கான கற்பனைக் குளிர்காலங்களை இயக்கிப் பார்ப்பது வழக்கம். இரண்டாவது சொத்துப் பட்டியல். எந்த இடத்தில், என்ன மதிப்பில், எவ்வகைக் கட்டடங்கள் காப்பீடு செய்யப்பட்டுள்ளன என்ற விவரம் இது. மூன்றாவது சேதத் தன்மை. இத்தனை வேகத்தில் காற்று வீசினால், இத்தனை பனி குவிந்தால், இத்தனை மணி நேரம் உறைநிலைக்குக் கீழே இருந்தால், குறிப்பிட்ட வகைக் கட்டடம் எவ்வளவு சிதையும் என்ற கணக்கு. நான்காவது நிதிப் பகுதி. விதிவிலக்குகள், உச்சவரம்புகள், மறுகாப்பீட்டு ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் கழித்து, நிறுவனத்தின் கையிலிருந்து எவ்வளவு பணம் போகும் என்பதை இது சொல்கிறது.

இறுதியில் கிடைப்பது ஒரு வளைகோடு. ‘200 ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தனை கோடி இழப்பு வரலாம்’ என்று அது கூறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அத்தகைய இழப்பையும் தாங்கும் அளவுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் மூலதனம் வைத்திருக்க வேண்டும்.

இத்தொழில் வேரூன்றிய வரலாறு கவனிக்கத்தக்கது. முதல் மாதிரி நிறுவனங்கள் 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றின. அப்போது காப்பீட்டு முதலாளிகள் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. 1992 ஆகஸ்டில் ‘ஆண்ட்ரூ’ சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது, காரன் கிளார்க்கின் நிறுவனம் இழப்பு 1,300 கோடி டாலரைத் தாண்டக்கூடும் என்று சில மணி நேரத்தில் கணித்தது. நம்ப மறுத்தார்கள். இறுதி இழப்பு 1,500 கோடியைக் கடந்தது. 11 காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. அதன் பிறகே மாதிரிகள் இன்றியமையாதவை ஆயின. சூறாவளிக்காக வளர்ந்த முறை நிலநடுக்கத்துக்கும் வெள்ளத்துக்கும் குளிர்காலப் புயலுக்கும் விரிந்தது.

இது உண்மையான அறிவியல் என்பதில் நமக்கு ஐயம் தேவையில்லை. வானிலை இயற்பியலும் நிகழ்தகவுக் கணிதமும் கட்டடப் பொறியியலும் இணைந்த அரிய சாதனை அது. ஆனால், அந்த அறிவு யாருக்குச் சொந்தம், எந்தக் கேள்விக்கு விடை தேட அது ஏவப்படுகிறது என்பவை வர்க்கக் கேள்விகள்.

கணக்கில் வராத காரணம்

சூறாவளி, நிலநடுக்கம் போன்றவற்றை ‘முதன்மை அபாயங்கள்’ என்றும், குளிர்காலப் புயல், ஆலங்கட்டி மழை, காட்டுத்தீ போன்றவற்றை ‘இரண்டாம் நிலை அபாயங்கள்’ என்றும் மறுகாப்பீட்டுத் துறை வகைப்படுத்தி வந்தது. டெக்சாசில் இந்த இரண்டாம் நிலை அபாயம்தான் ஒரு பெருஞ்சூறாவளிக்கு இணையான இழப்பை ஏற்படுத்தியது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்தன. காரணம் என்ன?

குளிர் மட்டும் காரணமல்ல. அதைவிடக் கடுங்குளிர் நிலவும் மின்னசோட்டாவில் குழாய்கள் இப்படிக் கூட்டங்கூட்டமாக வெடிப்பதில்லை. டெக்சாஸ் வீடுகளில் குழாய்கள் வெளிச்சுவர்களிலும் கூரையடியிலும் போதிய உறையின்றிச் செல்கின்றன. வீட்டுக்குள் வெப்பம் இருக்கும்வரை அவை தாக்குப்பிடித்தன. மின்சாரம் நாட்கணக்கில் நின்றதும் வீடு உறைந்தது, குழாய் வெடித்தது, கூரை இடிந்து விழுந்தது. பனியும் காற்றும் குளிரும் மாதிரிகளில் இருந்தன. மின்தொகுப்பு நிலைகுலைந்து அதன் விளைவாக இழப்பு பல மடங்காகும் என்ற சங்கிலி அவற்றில் உரிய இடம் பெறவில்லை. அந்தச் சங்கிலியின் மையக் கண்ணி இயற்கையில் இல்லை. மின்சாரத்தின் சொத்துடைமையில் இருந்தது.

டெக்சாஸ் மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி, 2002 முதல் மின்சாரச் சில்லறை விற்பனையைப் போட்டிச் சந்தையாக்கியது. கூட்டாட்சி அரசின் ஒழுங்குமுறையைத் தவிர்ப்பதற்காக அதன் மின்தொகுப்பு அண்டை மாநிலங்களிலிருந்து பெருமளவு துண்டிக்கப்பட்டே வைக்கப்பட்டிருந்தது. மின்னுற்பத்தியாளருக்கு விற்ற மின்சாரத்துக்கு மட்டுமே பணம்; நெருக்கடிக்கெனத் திறனை ஆயத்தமாக வைத்திருப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பற்றாக்குறை வந்தால் விலை ஏறும். விலை ஏறினால் உற்பத்தி பெருகும் என்பதே தத்துவம்.

அந்த வாரம் சந்தைத் தத்துவம் பரிசோதனைக்கு உள்ளானது. ஒரு மெகாவாட் மணி மின்சாரத்தின் விலை உச்சவரம்பான 9,000 டாலரில், அதாவது யூனிட்டுக்கு 9 டாலரில், நாட்கணக்கில் நிறுத்தப்பட்டது. உறைந்துபோன எரிவாயுக் கிணறும் கொதிகலனும் விலைப் பட்டியலைப் பார்த்து உருகிவிடவில்லை. 20,000 மெகாவாட் தேவையைத் துண்டிக்க வேண்டியதாயிற்று. முழு மின்தொகுப்பும் நிலைகுலைய 4 நிமிடம் 37 விநாடியே எஞ்சியிருந்தது என்று அதன் நிர்வாகமே பின்னர் ஒப்புக்கொண்டது. மாநில ஆளுநரோ காற்றாலைகளின் மீதும் சுற்றுச்சூழல் திட்டங்களின் மீதும் பழி போட்டார். கூட்டாட்சி ஆய்வறிக்கை வேறு சொன்னது. செயலிழந்த மின்னுற்பத்தி அலகுகளில் 58 சதவீதம் எரிவாயுவில் இயங்குபவை. முடக்கத்துக்கு முதற்காரணம் கருவிகள் உறைந்தது. அடுத்தது எரிபொருள் வரத்து நின்றது.

இது எதிர்பாராத ஒன்றா? 2011 பிப்ரவரியிலேயே இதே மாநிலத்தில் இதே போன்ற குளிரால் மின்வெட்டு நேர்ந்தது. ஆலைகளைக் குளிருக்குத் தகுந்தவாறு பாதுகாக்க வேண்டும் என்று அப்போதே கூட்டாட்சி அமைப்புகள் பரிந்துரைத்தன. செலவாகும் என்பதால் அது கட்டாயமாக்கப்படவில்லை. மாநிலத்தின் மேற்கு ஓரத்திலுள்ள எல் பாசோ நகரம் இச்சந்தைக்கு வெளியே, வேறொரு மின்தொகுப்பில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு இயங்கியது. 2011-க்குப் பின் அங்கு ஆலைகள் பாதுகாக்கப்பட்டன. 2021-இல் அந்நகரம் ஏறத்தாழப் பாதிப்பின்றித் தப்பியது. ஒரே மாநிலத்தில், ஒரே குளிரில் இரு வேறு விளைவுகள்.

பின்னர் நடந்ததும் பாடமே. மின்வெட்டு முடிந்த பிறகும் உச்ச விலை நீடித்ததால் 1,600 கோடி டாலர் கூடுதலாக வசூலானது என்று சந்தையின் கண்காணிப்பு அமைப்பே கூறியது. அதைத் திருத்த ஒழுங்குமுறை ஆணையம் மறுத்தது. 2024-இல் மாநில உச்ச நீதிமன்றமும் ஆணையத்தின் விலை உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த வாரத்து எரிவாயு விலையின் சுமை கடன்பத்திரங்களாக மாற்றப்பட்டு, நுகர்வோரின் மாதக் கட்டணத்தில் நீண்டகாலத்துக்கு ஏற்றப்பட்டது. இலாபம் ஒரு வாரத்தில் தனியார்மயமானது. இழப்பு ஒரு தலைமுறைக்குச் சமூகமயமானது.

பிரான்சின் எதிர்ச்சான்று

1999 டிசம்பர் 26 அன்று ‘லோதார்’ புயலும், மறுநாள் ‘மார்ட்டின்’ புயலும் அடுத்தடுத்து பிரான்சைத் தாக்கின. அன்றைய மாதிரிகள் பெரும்பாலும் ஒவ்வொரு புயலையும் தனித்த நிகழ்வாகவே எண்ணின. குளிர்காலப் புயல்கள் கூட்டமாக வரும் இயல்புடையவை என்ற பாடத்தை அத்துறை அப்போது பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2022 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் பெயரிடப்பட்ட மூன்று புயல்கள் பிரிட்டனைத் தாக்கியதும் இதே இயல்பின் சான்றுதான்.

1999-இல் பிரான்சில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரத்தை இழந்தன. ஆனால், அந்நாட்டின் மின்சாரம் அப்போது 1946-இல் நாட்டுடைமையாக்கப்பட்ட ஒரே பொதுத்துறை நிறுவனத்தின் கையில் இருந்தது. நாடு முழுவதிலுமிருந்து தொழிலாளர்கள் திரட்டப்பட்டனர். ஓய்வு பெற்றவர்களும் பணிக்குத் திரும்பினர். எந்தப் பகுதியின் மின்கம்பத்தை நிமிர்த்தினால் இலாபம் என்ற கேள்வி அங்கு எழவில்லை.

காப்பீட்டிலும் பிரான்சின் அனுபவம் கவனிக்கத்தக்கது. பாசிசத்தை வீழ்த்திய எதிர்ப்பியக்கத்தின் மூச்சு கலந்த 1946 அரசியலமைப்பின் முகவுரை, தேசியப் பேரிடர்களின் சுமையை எல்லாக் குடிமக்களும் ஒருமைப்பாட்டுடனும் சமத்துவத்துடனும் தாங்க வேண்டும் என்று பறைசாற்றியது. 1982 சட்டம் வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைப் பேரிடர்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் கூடிய முறையை உருவாக்கியது. மலையில் வாழ்பவரும் ஆற்றங்கரையில் வாழ்பவரும் தத்தம் சொத்துக் காப்பீட்டில் ஒரே சதவீதக் கூடுதல் கட்டணம் செலுத்துகிறார்கள். அரசுக்குச் சொந்தமான மறுகாப்பீட்டு நிறுவனம் பின்னால் நிற்கிறது. புயல்காற்றுச் சேதம் இம்முறைக்குள் வராவிட்டாலும், தீ விபத்துக் காப்பீட்டில் அதுவும் கட்டாயம் அடங்க வேண்டும் என்று 1990-இல் சட்டம் வந்தது. இம்முறையும் நெருக்கடியற்றதல்ல. இழப்புகள் பெருகியதால் கூடுதல் கட்டணம் 12 சதவீதத்திலிருந்து 2025 ஜனவரியில் 20 சதவீதமாக உயர்ந்தது. ஆயினும், சுமை எல்லோர் மீதும் ஒரே சதவீதத்தில் உயர்ந்தது. எந்த ஊரும் வரைபடத்திலிருந்து நீக்கப்படவில்லை.

இதற்கு மறுப்பாகத் தாராளமயவாதிகள் ஒரு வாதம் வைக்கிறார்கள். அபாயத்துக்கேற்ற விலை வைத்தால்தான் மக்கள் ஆபத்தான இடங்களில் வீடு கட்டமாட்டார்கள் என்பது அது. ஆபத்தான இடத்தில் ஆடம்பர மாளிகை கட்டும் செல்வந்தரைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை உண்டு. உழைக்கும் மக்கள் தாழ்நிலத்திலும் பழைய கட்டடங்களிலும் வாழ்வது அவர்களின் தேர்வல்ல. நிலச் சந்தை அவர்களை அங்கே தள்ளியது. ஒரு சந்தை தள்ளிவிட்ட இடத்துக்கு இன்னொரு சந்தை அபராதம் விதிப்பதை எச்சரிக்கை மணி என்று அழைக்க முடியாது. குழாய்க்கு உறை போடுவதையும் மின்னாலையைக் குளிரிலிருந்து காப்பதையும் செய்து முடிப்பவை கட்டட விதிகளும் பொதுமுதலீடுமே.

இந்தியாவின் பனியும் நம் கடமையும்

இவை தொலைதூரத்துக் கதைகள் அல்ல. 2005 பிப்ரவரியில் காஷ்மீரைத் தாக்கிய பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் தெற்கு காஷ்மீரின் வால்டெங்கு நாட் கிராமத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஏழைகள் மாண்டனர். காப்பீட்டு மாதிரியின் சொத்துப் பட்டியலில் அந்தக் கிராமத்துக்கு ஒரு வரிகூட இருக்க வழியில்லை. 2018 நவம்பரிலும் 2019 நவம்பரிலும் பருவம் தவறி முன்கூட்டியே பொழிந்த பனி, இலையுதிராத ஆப்பிள் மரங்களின் கிளைகளை முறித்தது. கனி தரும் நிலைக்கு வரப் பல ஆண்டுகள் காத்திருந்து வளர்த்த மரங்கள் இரண்டாகப் பிளந்தன. நாட்டின் ஆப்பிளில் பெரும்பகுதியை விளைவிக்கும் அந்த விவசாயிகள், தங்கள் தோட்டங்களுக்குப் பயனுள்ள பயிர்க் காப்பீடு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கோரி வருகிறார்கள். இலாபகரமான விலையில் விற்க முடியாத அபாயத்தைத் தனியார் மூலதனம் தேடி வராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டில் ஆயுள் காப்பீடு 1956-லும், பொதுக் காப்பீடு 1970-களின் தொடக்கத்திலும் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1999 சட்டம் கதவைத் திறந்தது. அந்நிய முதலீட்டு வரம்பு முதலில் 26, 2015-இல் 49, 2021-இல் 74 சதவீதம் என ஏறி, 2025-இல் 100-ஐ எட்டும் கட்டத்துக்கு வந்தது. 2021-இன் இன்னொரு சட்டத் திருத்தம், பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனையை அகற்றியது. ஒவ்வொரு பொதுக் காப்பீட்டுப் பாலிசியிலும் கட்டாயமாகப் பொதுத்துறை மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி.க்கு அளிக்க வேண்டிய பங்கு, ஒரு காலத்தில் 20 சதவீதமாக இருந்தது. 2022 முதல் வெறும் 4 சதவீதம். அதே வேளையில் அந்நிய மறுகாப்பீட்டு நிறுவனங்கள் இங்கே கிளை திறக்க 2015 திருத்தம் வழிவகுத்தது. அவற்றோடு அவற்றின் மாதிரிகளும் வருகின்றன.

அந்த மாதிரிகள் மூடிய பெட்டிகள். பெரிய மாதிரி நிறுவனங்கள் இரண்டும் இன்று நிதித் தகவல் ஏகபோகங்களின் துணை நிறுவனங்கள். அவற்றில் ஒன்றை 2021-இல் விலைக்கு வாங்கியது மூடிஸ். வானிலைப் பதிவுகள் மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் வானிலைத் துறைகள் சேகரித்தவை. செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் அரசுகள் ஏவியவை. அடிப்படை ஆய்வுகள் பல்கலைக்கழகங்களில் நடந்தவை. சமூகம் உற்பத்தி செய்த அறிவு வேலி போடப்பட்டுச் சமூகத்துக்கே விலைக்கு விற்கப்படுகிறது. பிரீமியம் ஏன் உயர்ந்தது என்று கேட்டால், ‘மாதிரி சொல்கிறது’ என்பதே விடை. இழப்பு நேரிடும் வாய்ப்பே பண்டமாகிப் பேரிடர் கடன்பத்திரங்களாக மூலதனச் சந்தைக்குப் போகிறது. 2024 இறுதியில் அச்சந்தையின் அளவு 5,000 கோடி டாலரை நெருங்கியது.

மழை இத்தனை மில்லிமீட்டரைத் தாண்டினால், வெப்பநிலை இத்தனை பாகைக்குக் கீழே போனால் தானாகவே தொகை கிடைக்கும் ‘அளவீட்டுக் காப்பீடு’ இன்று மாநில அரசுகளிடம் விற்கப்படுகிறது. நாகாலாந்து கனமழைக்கு அதை வாங்கியுள்ளது. விரைவாகப் பணம் கிடைப்பது அதன் நன்மை. ஆனால், தொலைவிலுள்ள அளவி எல்லையைத் தொடாவிட்டால், வயல் மூழ்கிய விவசாயிக்கு ஒரு காசும் வராது. பேரிடர் நிவாரணம் குடிமக்களின் உரிமை என்ற நிலையிலிருந்து, ஒப்பந்தத்தின் நிபந்தனை என்ற நிலைக்கு நழுவுவதை நாம் அனுமதிக்க இயலாது.

மாற்று வழி கற்பனையன்று. முதலாளித்துவத்தின் கோட்டையான புளோரிடாவிலேயே, தனியார் மாதிரிகளின் மீதான ஐயத்தால், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மூலம் பொதுச் சூறாவளி இழப்பு மாதிரி உருவாக்கப்பட்டது. தனியார் மாதிரிகளையும் அரசு நியமித்த வல்லுநர் ஆணையம் சோதிக்கிறது. வலிமையான வானிலைத் துறையும் விண்வெளி ஆய்வு அமைப்பும் புள்ளியியல் நிறுவனமும் கொண்ட இந்தியாவால் இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியும்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களும் ஜி.ஐ.சி.யும் வலுப்படுத்தப்பட வேண்டும். 100 சதவீத அந்நிய முதலீடு கைவிடப்பட வேண்டும். பொதுப்பணத்தில் உருவான தரவுகளைக் கொண்டு, எவரும் சோதிக்கத்தக்க திறந்த பேரிடர் மாதிரி உருவாக்கப்பட வேண்டும். சொத்து மதிப்போடு உயிரிழப்பும் வாழ்வாதார இழப்பும் காப்பீடற்றோரின் சேதமும் அதன் கணக்கில் இடம்பெற வேண்டும். காஷ்மீர், இமாச்சலத் தோட்ட விவசாயிகளுக்கு மரச்சேதத்தையும் உள்ளடக்கிய பொதுத்துறைக் காப்பீடு வேண்டும். 2022-இல் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்ட மின்சாரத் திருத்த மசோதாவின் உள்ளடக்கம் எந்த வடிவில் திரும்பி வந்தாலும் எதிர்க்கப்பட வேண்டும்; டெக்சாஸ் காட்டிய பாதையின் முதற்படி அது.

காப்பீட்டு ஊழியர்களும் மின்வாரியத் தொழிலாளர்களும் விவசாயிகளும் இதுவரை இவற்றைத் தனித்தனிப் போராட்டங்களாகவே பெரும்பாலும் நடத்தி வந்திருக்கிறோம். டெக்சாசில் மின்சாரச் சந்தையின் தோல்வியே காப்பீட்டு இழப்பாகவும் உயிரிழப்பாகவும் மாறியது. தனியார்மயத்தின் இழைகள் அங்கே ஒன்றாகப் பின்னிக் கிடக்கும்போது, அதை எதிர்க்கும் இயக்கங்கள் பிரிந்து நிற்க இயலாது. கிளைக் கூட்டங்களிலும் தொழிற்சங்க, விவசாய சங்க மேடைகளிலும் இந்த இணைப்பை விளக்குவோம். மூன்று பிரிவினரையும் ஒரே கோரிக்கையின் கீழ் திரட்டுவோம்.